ஒரு சாண் சாய்வு

மணவூரிலிருந்து அந்தப் பெண் என்னைப் பார்க்க வந்தபோது, அவருடைய கணவர் இறந்து இருபத்து மூன்று மாதங்கள் ஓடிவிட்டிருந்தன. விபத்தில் செத்தவரின் குடும்பம் இழப்பீடு கேட்க 1855ஆம் ஆண்டின் உயிரிழப்பு விபத்துச் சட்டம் வழி செய்திருக்கிறது. ஆனால் அந்த வழக்கை இறந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் போட்டாக வேண்டும் என்கிறது 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம். கையில் மிச்சம் இருந்தது ஒரு மாதத்துக்கும் குறைவு.

“ஏம்மா இவ்வளவு நாள் விட்டீங்க?” என்று கேட்டேன்.

“பெரியவங்க பேசி முடிச்சிடலாம்னு சொன்னாங்க சார். பொங்கல் போகட்டும்னாங்க. அப்புறம் அறுப்பு முடியட்டும்னாங்க. இப்ப பேசவே வர மாட்டேங்கறாங்க.”

கூட வந்திருந்த மாமனார் ஒன்றும் பேசவில்லை. வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம். எங்கள் திருத்தணிப் பக்கத்தில் இது புதிதல்ல. 1960ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் தேதி வரை இந்த வட்டம் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ம.பொ.சி. போன்றவர்களின் போராட்டத்துக்கும் எல்லைத் தகராறில் படாஸ்கர் தந்த பரிந்துரைக்கும் பிறகுதான் எல்லை மாறி இது தமிழ்நாட்டோடு சேர்ந்தது. எல்லை மாறினாலும் வீட்டு மொழி அப்படியேதான் இருந்தது. அந்தப் பெரியவரின் தெலுங்கு பிற்பாடு இந்த வழக்கையே தூக்கி நிறுத்தப் போகிறது என்று அன்று எனக்குத் தெரியாது.

நடந்தது இதுதான். மாசி மாதம், கரும்பு வெட்டு நேரம். வெட்டிய கரும்பை ஆலைக்குக் கொண்டுபோக டிராக்டரில் ஏற்றினார்கள். அந்தப் பெண்ணின் கணவர் வெட்டுக் கூலி. பாரத்தின் உச்சியில் உட்கார்ந்து, வந்த வழியைப் பார்த்தபடி, கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். டிராக்டர் வயல்களுக்கு நடுவே போகும் வண்டிப் பாதையில் வந்தது. பாதைக்குக் குறுக்கே ஒரு நிலக்காரரின் பம்புசெட்டுக்குப் போகும் வெற்று அலுமினியக் கம்பிகள் தொங்கின. கம்பி அவர் பின்தலையில் பட்டது. டிரைவர் திரும்பிப் பார்ப்பதற்குள் உயிர் போய்விட்டது. அவருக்கு இருபத்தெட்டு வயது. வீட்டில் கைக்குழந்தை ஒன்று.

பணம் இல்லாததால் நீதிமன்றக் கட்டணம் இல்லாமல் வழக்கு நடத்த அனுமதி கேட்டு, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 33ஆம் கட்டளைப்படி வறியவர் மனு போட்டோம். அந்த மனுவைத் தாக்கல் செய்த நாளே வழக்குத் தாக்கலான நாளாகக் கணக்கில் வரும் என்பது ஏழைகளுக்குச் சட்டம் செய்திருக்கும் பெரிய உதவி. கெடு முடிய ஆறு நாள் இருக்கும்போது திருத்தணி சார்பு நீதிமன்றத்தில் மனு எண்ணாகிவிட்டது.

உயர் நீதிமன்றத்தில் ரிட் போட்டால் சீக்கிரம் முடியுமே என்று என் இளைய வழக்கறிஞர் கேட்டார். எதிரே இருப்பவர் தனிமனிதர் என்பது ஒரு தடை. அதோடு, தமிழ்நாடு மின்சார வாரியம் எதிர் சுமதி வழக்கில், என்ன நடந்தது என்பதிலேயே தகராறு இருக்கும்போது ரிட் சரியான வழி அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டில் சொல்லியிருந்தது. எங்கள் வழக்கில் தகராறு முழுவதுமே என்ன நடந்தது என்பதில்தான். சாட்சிக் கூண்டில் ஆட்களை ஏற்றாமல் இந்த வழக்கு நிற்காது.

மின்சாரம் வழங்கியவர்களையும் பிரதிவாதியாகச் சேர்த்திருந்தோம். மீட்டர் வரைக்கும்தான் அவர்கள் பொறுப்பு, அதற்கு அப்பால் இருக்கும் கம்பியும் கம்பமும் நுகர்வோருடையவை, அவற்றைப் பத்திரமான நிலையில் வைத்திருப்பது அவர் கடமை என்றது அப்போது நடப்பில் இருந்த 1956ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளில் 30ஆம் விதி. மீட்டர் அறை ரோட்டோரம் இருந்தது. அங்கிருந்து கிணற்றுக்குப் போன கம்பி நிலக்காரர் தானே ஆள் வைத்து இழுத்தது. உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரர்தான் இந்த வேலையைச் செய்ய வேண்டும் என்றது 45ஆம் விதி. அப்படி யாரும் செய்ததற்குக் காகிதம் எதுவும் இல்லை. கடைசியில் வழங்கியவர்கள் விடுவிக்கப்பட்டார்கள். நிலக்காரர் தனியாக நின்றார்.

அவர் தரப்பில் வந்தவர் அனுபவம் மிக்க மூத்த வழக்கறிஞர். எதிருரையில் நான்கு வாதங்கள். ஒன்று, அது பொதுப் பாதை அல்ல, பட்டா நிலத்தில் போகும் தனி வழி. இரண்டு, கம்பி பதினேழு அடி உயரத்தில் ஒழுங்காகத்தான் இருந்தது. டிராக்டர் பாரம் மாட்டி இழுத்ததால் கம்பம் சாய்ந்து கம்பி தாழ்ந்தது. மூன்று, பாரத்தின் மேல் உட்கார்ந்தது இறந்தவரின் தவறு. நான்காவதுதான் என்னை உறங்கவிடாத வாதம்: மரக்கம்பம் எவ்வளவு நேராக நிற்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

வரிசையின் கடைசியில் நின்ற அந்தக் கம்பம் ஒரு சவுக்கு மரம். எங்கள் பக்கத்தில் பந்தலுக்கும் சாரத்துக்கும் நடுகிற அதே சவுக்கு. 21 அடி நீளம். கம்பிகள் தரையிலிருந்து 18 அடி உயரத்தில் கட்டப்பட்டிருந்தன. விபத்துக்குப் பிறகு வந்து பார்த்த அரசு மின் ஆய்வாளர், பக்கத்தில் வீடு கட்டிக்கொண்டிருந்த கொத்தனாரிடம் தூக்குக்குண்டு வாங்கிக் கம்பத்தின் உச்சியிலிருந்து விட்டுப் பார்த்திருக்கிறார். அடிமரத்திலிருந்து ஒன்பது அங்குலம் தள்ளிக் குண்டு நின்றது. அறிக்கையில் எழுதினார்: கம்பம் பாதைப் பக்கமாக ஒன்பது அங்குலம் சாய்வு, பாதையின் மேல் கம்பியின் உயரம் பன்னிரண்டரை அடி.

ஒன்பது அங்குலம் என்றால் ஒரு சாண்.

“ஒரு சாண் சாய்வுக்கா இவ்வளவு பெரிய வழக்கு? திருத்தணியிலிருந்து திருவாலங்காடு வரைக்கும் போய்ப் பாருங்கள், எந்தக் கம்பம் நூல் பிடித்தாற்போல நிற்கிறது?” என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்டார். நீதிபதியும் என்னைப் பார்த்தார். “நேராக நிற்க வேண்டும் என்று எந்த விதியில் இருக்கிறது, சொல்லுங்கள்” என்றார். அவகாசம் கேட்டு வாங்கினேன்.

அந்த வாரம் விதிப் புத்தகத்தை முதலிலிருந்து கடைசி வரை இரண்டு முறை படித்தேன். சாய்வுக்குப் பாகை, அங்குலம் என்று எந்த அளவும் இல்லை. மரக்கம்பங்களுக்கு ஐ.எஸ். 876 என்ற இந்தியத் தரம் இருக்கிறது. அமெரிக்காவுக்கும் அதற்கென ஒரு தரம் இருக்கிறது. அவை பேசுவது மரம் எவ்வளவு வளையலாம் என்பதைப் பற்றி. மரத்தின் வளைவு வேறு, நட்ட கம்பத்தின் சாய்வு வேறு. வளைந்த மரமும் உறுதியாக நிற்கலாம். வழுவழுவென்று நேராக வளர்ந்த சவுக்கும் சாய்ந்து விழலாம்.

ஊரில் ஓய்வு பெற்ற லைன்மேன் ஒருவர் இருந்தார். அவரைத் தேடிப் போனேன். திண்ணையில் உட்கார வைத்துக் காப்பி கொடுத்துவிட்டு அவர் சொன்னதுதான் எனக்குக் கண் திறந்தது.

“நேரா நிக்கணும்னு எவன் சொன்னான் சார்? கடைசி போஸ்ட்டை நாங்களே நேரா நட மாட்டோம். கம்பி ஒரு பக்கம்தானே இழுக்குது? அதுக்கு எதிர்ப்பக்கமா கொஞ்சம் சாய்ச்சு நட்டு, ஸ்டே கம்பி போட்டு இழுத்துக் கட்டுவோம். கம்பி ஏத்தினதும் அது தானா நிமிரும். எவ்வளவு சாஞ்சிருக்குன்னு பாக்காதீங்க. எந்தப் பக்கம் சாஞ்சிருக்கு, ஸ்டே இருக்குதா, அதைப் பாருங்க.”

ஸ்டே இருந்ததா? ஒரு காலத்தில் இருந்தது. உழும்போது டிராக்டர் திரும்ப இடைஞ்சலாக இருக்கிறது என்று அறுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு கம்பிகளின் இழுப்பைத் தாங்க மண்ணில் புதைந்த பகுதி மட்டுமே மிஞ்சியது. கம்பத்தின் நீளத்தில் ஆறில் ஒரு பங்கு மண்ணுக்குள் இருக்க வேண்டும் என்பது மின்பாதை அமைக்கிறவர்களின் அடிப்படைக் கணக்கு. 21 அடிக்கு மூன்றரை அடி. விபத்துக்கு இரண்டு நாள் கழித்து நிலக்காரர் அவசரமாக ஆள் விட்டு அந்தக் கம்பத்தை நிமிர்த்தியிருந்தார். நிமிர்த்திய கூலியாளைக் கண்டுபிடித்துச் சாட்சியாக அழைத்தோம்.

“எவ்வளவு ஆழம் இருந்தது?”

“ரெண்டடிதாங்க. கல்லு கூடப் போட்டுக் கெட்டிக்கல. ஆட்டினா ஆடுச்சு.”

“மரம் எப்படி இருந்தது?”

“மண்ணுக்கு மேல ஒரு ஜாண் அளவுக்குக் கரையான் தின்னுட்டிருந்துச்சு.”

மரக்கம்பம் சாவது எப்போதும் அந்த இடத்தில்தான். மண்ணுக்கு அடியில் காற்று குறைவு, மேலே ஈரம் குறைவு. இரண்டும் போதிய அளவு கிடைக்கிற மண்மட்டத்தில் பூஞ்சையும் கரையானும் வேலையைத் தொடங்கும். இதற்கு மருந்து கண்டவர் நம் நாட்டுக்காரரே. டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றிய சொந்தி காமேசம் 1933இல் செம்பு, குரோமியம், ஆர்செனிக் உப்புகளைச் சேர்த்து மரத்துக்குள் ஏற்றும் முறையைக் கண்டுபிடித்தார். உலகம் முழுவதும் தந்திக் கம்பங்களும் மின்கம்பங்களும் பல பத்தாண்டுகள் நின்றது அந்த மருந்தின் பலத்தில். கரும்புக் கொல்லையில் பச்சையாக வெட்டி நட்ட சவுக்குக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

விதிப் புத்தகமும் மரத்தை நம்பவில்லை. 76ஆம் விதி கம்பங்களின் பாதுகாப்புக் காரணியைச் சொல்கிறது. தாங்க வேண்டிய பாரத்தைப்போல, இரும்புக் கம்பம் ஒன்றரை மடங்கு தாங்க வேண்டும். இயந்திரத்தில் வார்த்த கான்கிரீட் கம்பம் இரண்டு மடங்கு, கையால் வார்த்தது இரண்டரை மடங்கு, மரம் மூன்று மடங்கு. அதிகபட்ச எச்சரிக்கையை மரத்துக்குத்தான் வைத்திருக்கிறது. ஆட்டினால் ஆடுகிற கம்பம் ஒரு மடங்குகூடத் தாங்காது என்று சொல்ல நிபுணர் தேவையில்லை.

ஆனாலும் நீதிபதியின் கேள்விக்கு இது முழுப் பதில் அல்ல. ஒரு சாண் சாய்ந்தால் கம்பத்தின் உச்சி அரை அங்குலம்கூடத் தாழாது. கம்பி எப்படி நான்கரை அடி இறங்கும்?

விடை எங்கள் வீட்டுக் கொல்லையில் கிடைத்தது. துணிக்கொடி ஒன்றைச் சுவரிலிருந்து சுவருக்கு இறுக்கிக் கட்டினேன். ஒரு முனையை மட்டும் ஒரு சாண் தளர்த்தினேன். கயிறு நடுவில் ஒரு முழத்துக்கு மேல் தொங்கிவிட்டது. பிறகு காகிதத்தில் கணக்குப் போட்டேன். 100 அடி தூரத்துக்குக் கட்டிய கம்பி நடுவில் ஓர் அடி தொய்ந்திருந்தால், அந்தக் கம்பியின் நீளம் நேர்தூரத்தைவிட அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே அதிகம். கடைசிக் கம்பம் கம்பியின் திசையில் ஒன்பது அங்குலம் சாயும்போது அந்த மிகை நீளம் ஏறக்குறைய இருபத்தொன்பது மடங்காகிறது. தொய்வு அதன் வர்க்கமூலமாக ஏறும். அதாவது ஓர் அடி ஐந்தரை அடியாகிறது. பதினெட்டிலிருந்து ஐந்தரை போனால் பன்னிரண்டரை. மின் ஆய்வாளர் அளந்து எழுதிய உயரம் அதுவேதான்.

அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு இரவு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு மனிதனின் உயிர் போன கணக்கு அவ்வளவு சுருக்கமாக இருந்தது. பாரத்தின் உச்சி பத்தடி. அதன்மேல் உட்கார்ந்த ஆளின் தலை பன்னிரண்டே முக்கால் அடி. கம்பி பன்னிரண்டரை அடி. கால் அடி, மூன்றே அங்குலம்.

மின் ஆய்வாளரைக் கூண்டில் ஏற்றி இந்தக் கணக்கைப் படிப்படியாகக் கேட்டேன். அவர் ஒவ்வொன்றையும் உறுதி செய்தார். அதன் பிறகு எதிர்த்தரப்பின் இரண்டாவது வாதம் தானாக விழுந்தது. கம்பி பதினேழு அடியில் இருந்ததாம், பத்தடி உயரப் பாரம் அதில் மாட்டி இழுத்ததாம். எட்டாத கம்பியில் பாரம் எப்படி மாட்டும்? இழுக்க வேண்டுமென்றால் கம்பி முன்பே தாழ்ந்திருக்க வேண்டும்.

முன்பே தாழ்ந்திருந்தது என்பதற்கு இன்னொரு சான்று அவர்கள் வாயிலிருந்தே வந்தது. நிலக்காரர் முதல் விசாரணையில், தான் அக்கறையானவர் என்று காட்டுவதற்காக, “கம்பத்துக்கு முட்டுக்கூடக் கொடுத்து வைத்திருந்தேன்” என்று சொல்லியிருந்தார். குறுக்கு விசாரணையில் நான் நிதானமாகத் தொடங்கினேன்.

“முட்டு எதில் கொடுத்தீர்கள்?”

“பனங்கட்டையிலதான். கவைபோட்டு நிறுத்தினேன்.”

“எந்தப் பக்கம்?”

“பாதைப் பக்கம்.”

“எப்போது?”

“ஐப்பசி மழை கழிச்சு.”

“விபத்து மாசியில். நாலு மாதம் முன்னாலேயே கம்பம் பாதைப் பக்கம் சாய்ந்ததைப் பார்த்துத்தானே முட்டுக் கொடுத்தீர்கள்?”

அவர் தன் வழக்கறிஞரைப் பார்த்தார். பதில் வர நேரமானது. “லேசா சாஞ்சிருந்துச்சு” என்றார். அதற்கு மேல் நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

சாய்ந்த கம்பத்துக்கு முட்டுக் கொடுத்தவன், சாய்ந்ததை அறிந்தவன். அறிந்த பிறகு அவன் செய்ய வேண்டியிருந்தது மெயினை நிறுத்துவது, ஸ்டேயைத் திரும்பப் போடுவது, தெரிந்தவர்களை அழைத்துக் கம்பியை இறுக்குவது. முட்டுக் கட்டை கம்பம் மேலும் விழாமல் காத்தது. கம்பியை ஒரு அங்குலம்கூட உயர்த்தவில்லை.

இனி முதல் வாதம், பாதை. தெருவுக்குக் குறுக்கே போகும் குறைந்த, நடுத்தர அழுத்தக் கம்பிகள் 5.8 மீட்டருக்குக் குறையாத உயரத்தில் இருக்க வேண்டும் என்பது 77ஆம் விதி; பழைய கணக்கில் 19 அடி. தெரு அல்லாத மற்ற இடங்களில் வெற்றுக் கம்பிக்கு 4.6 மீட்டர், 15 அடி. பாதை தெருவானால், நிலக்காரர் தானே சொன்ன பதினேழு அடியே சட்டத்துக்கு இரண்டடி குறைவு. கம்பம் குத்துக்கல்லாக நின்றிருந்தாலும் அந்தக் கம்பி முதல் நாளிலிருந்தே விதியை மீறியதாகும். மின்சாரச் சட்டத்தில் தெரு என்ற சொல்லுக்கு விரிந்த பொருள் உண்டு. வழி, சந்து, ஒழுங்கை, திறந்தவெளி எதுவானாலும், அது எங்கும் போய்ச் சேராத முட்டுச் சந்தானாலும், பொதுமக்களுக்கு நடக்கும் உரிமை இருந்தால் போதும்.

அந்த உரிமையைக் காட்ட வேண்டும். இன்றைய புல வரைபடத்தில் அந்த இடம் தெளிவாக இல்லை. கிராம நிர்வாக அலுவலர் பழைய ஆவணங்களைக் கட்டோடு கொண்டுவந்தார். எல்லாம் சித்தூர் மாவட்டக் காலத்துத் தெலுங்கு. அவருக்கும் படிக்க வரவில்லை, எனக்கும் வரவில்லை. நீதிமன்ற வராந்தாவில் கட்டை விரித்து வைத்துக்கொண்டு விழித்தபோது, அதுவரை பேசாமல் உட்கார்ந்திருந்த மாமனார் எழுந்து வந்தார். பழுப்பேறிய தாளில் இரட்டைக் கோடு ஓடிய இடத்தில் விரலை வைத்தார்.

“பண்ட்ல பாட்ட” என்று படித்தார். பிறகு எனக்காகத் தமிழில் சொன்னார்: “வண்டிங்க போற பாதை சார். இது எங்க தாத்தா காலத்துலயே இருந்தது.”

முறைப்படி மொழிபெயர்ப்பாளரைக் கொண்டு தமிழாக்கி அதைச் சான்றாவணமாகக் குறியிட்டோம். மகனைப் பறிகொடுத்த தகப்பன் தன் தாய்மொழியில் படித்த அந்த இரண்டு சொற்கள் முதல் வாதத்தை முடித்துவைத்தன.

1956ஆம் ஆண்டு விதிகள் 1910ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்தவை, அந்தச் சட்டமே 2003இல் ரத்தாகிவிட்டது, விதிக்கு உயிரில்லை என்றும் எதிர்த்தரப்பு சொல்லிப் பார்த்தது. புதிய சட்டத்தின் 185ஆம் பிரிவைக் காட்டினேன். 53ஆம் பிரிவின் கீழ்ப் புதிய ஒழுங்குமுறைகள் வரும்வரை பழைய விதிகள் நடப்பில் இருக்கும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. புதிய ஒழுங்குமுறைகள் 2010இல்தான் வந்தன. அவற்றிலும் தெருவுக்குக் குறுக்கே 5.8 மீட்டர் என்பது மாறவில்லை.

வாதுரையின்போது மூத்த வழக்கறிஞர் கடைசியாக ஓர் அம்பு வைத்திருந்தார். அதை நான் இன்றும் மதிப்போடு நினைக்கிறேன். நான் 1868ஆம் ஆண்டின் ரைலண்ட்ஸ் எதிர் ஃப்ளெட்சர் தீர்ப்பை எடுத்துச் சொல்லியிருந்தேன். வெளியேறினால் ஆபத்து விளைவிக்கும் பொருளை ஒருவன் தன் நிலத்தில் கொண்டுவந்து வைத்தால், அது வெளியேறிச் செய்யும் தீங்குக்கு அவனே பொறுப்பு. கவனக்குறைவைத் தனியே நிரூபிக்க வேண்டியதில்லை. அப்போது புதிதாக வந்திருந்த மத்தியப் பிரதேச மின்சார வாரியம் எதிர் ஷைல் குமாரி தீர்ப்பையும் வைத்தேன். மழை இரவில் சைக்கிளில் வீடு திரும்பிய தொழிலாளி ஒருவர், சாலையில் அறுந்து கிடந்த மின்கம்பியில் பட்டு இறந்தார். யாரோ திருட்டுத்தனமாக இழுத்த கம்பி என்று வாரியம் சொன்னதை ஏற்காமல், இந்தக் கடும் பொறுப்புக் கொள்கையை 2002இல் உச்ச நீதிமன்றம் அங்கே பொருத்தியது.

அதற்கு அவர் எடுத்தது 1874ஆம் ஆண்டு பிரிவி கவுன்சில் தீர்ப்பு: மதராஸ் ரயில்வே கம்பெனி எதிர் கார்வேட்டிநகரம் ஜமீன்தார். ஜமீன்தாரின் ஏரிகள் வெள்ளத்தில் உடைந்து ரயில்வேயின் பாலங்களை நாசம் செய்தன. ரயில்வே ரைலண்ட்ஸ் கொள்கையைச் சொல்லி நஷ்டஈடு கேட்டது. பிரிவி கவுன்சில் மறுத்தது. “திருத்தணியே அந்த ஜமீனைச் சேர்ந்த ஊர்தான். இந்த மண்ணுக்கென்றே வந்த தீர்ப்பு இது. விவசாயத்துக்குத் தேவையானதை நிலத்தில் வைத்திருந்த விவசாயியை ரைலண்ட்ஸ் கட்டுப்படுத்தாது” என்றார்.

நீதிமன்றம் அமைதியாக இருந்தது. நான் எழுந்து அந்தத் தீர்ப்பின் காரணத்தைப் படித்துக் காட்டினேன். ஏரிகள் தொன்றுதொட்டு இருப்பவை. ஊர் முழுவதும் அவற்றை நம்பி வாழ்கிறது. அவற்றைப் பராமரிப்பது ஜமீன்தாரின் கடமை, வேண்டாம் என்று அவரால் கைவிட முடியாது. அதனால்தான் கவனக்குறைவு இல்லாதபோது அவர் பொறுப்பல்ல என்றார்கள். “ஐயா, ஏரி ஊருக்கு. இந்தக் கம்பி ஒருவருக்கு. ஏரியைக் காக்க ஜமீன்தார் கரை போட்டார். இவர் ஸ்டேயை அறுத்தார்” என்று சொல்லி உட்கார்ந்தேன்.

நேராக நிற்க வேண்டும் என்று எந்த விதி சொல்கிறது என்ற கேள்விக்கும் அன்று பதில் சொன்னேன். எந்த விதியும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. கம்பம் எதற்காக நிற்கிறதோ அதைச் சட்டம் அளக்கிறது. கம்பி எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும், கம்பம் எத்தனை மடங்கு தாங்க வேண்டும், யார் அதைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்ற மூன்றுக்கும் விதி இருக்கிறது. சாய்வு தனியே ஒரு குற்றம் அல்ல. இந்த மூன்றில் ஏதோ ஒன்று கெட்டுவிட்டது என்று கம்பம் நமக்குச் சொல்லும் சேதி அது. சேதி வந்த பிறகும் கேளாமல் இருந்ததுதான் குற்றம்.

மூன்று வாரம் கழித்துத் தீர்ப்பு வந்தது. பாதை பொதுப் பாதை. கம்பம் நிமிர்ந்த நிலையிலும் கம்பி விதிக்குக் குறைவு, சாய்ந்த நிலையில் உயிருக்கு ஆபத்து. சாய்வு பிரதிவாதிக்கு முன்பே தெரியும். அவர் கொடுத்த முட்டே அதற்குச் சாட்சி. கரும்புப் பாரத்தின் மேல் ஆள் உட்கார்ந்து போவது அந்தப் பக்கத்தில் எல்லோரும் அறிந்த வழக்கம். உயரமான பாரமும் ஆளும் போவார்கள் என்பதற்காகத்தான் பாதையின் மேல் 19 அடி என்று விதி வைத்திருக்கிறது. ஆகவே இறந்தவர் மேல் பழி இல்லை. வருமானக் கணக்கில் மட்டும் நாங்கள் சொன்னதை நீதிபதி முழுவதும் ஏற்கவில்லை. கேட்டதில் ஏறக்குறைய முக்கால் பங்கு, வட்டியோடு கொடுக்க உத்தரவானது. திருவள்ளூர் மாவட்ட நீதிமன்றத்தில் மேல்முறையீடு போனது. அங்கேயும் தீர்ப்பு நின்றது. நிறைவேற்று மனு போட்டு, நிலத்தை ஜப்திக்குக் கொண்டுவந்த பிறகே பணம் நீதிமன்றத்தில் கட்டப்பட்டது. அதில் பாதியைக் குழந்தையின் பெயரில், வயதுக்கு வரும்வரை, வங்கியில் வைப்பாகப் போடச் சொன்னார் நீதிபதி.

பணம் வாங்க வந்த அன்று அந்தப் பெண் என்னிடம் கேட்டது ஒன்றுதான். “அந்தக் கம்பியை உயர்த்திட்டாங்களா சார்? இன்னும் அந்த வழியாத்தான் கரும்பு வண்டி போகுது.” நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னேன். சவுக்கு போய்விட்டது. இரண்டு கான்கிரீட் கம்பங்கள், ஸ்டேயோடு, பாதைக்கு மேல் இருபது அடி உயரத்தில் கம்பி.

இதைப் படிக்கிற நீங்கள் கிராமத்தில் நிலம் வைத்திருப்பவரானால், இன்று மாலை ஒரு நடை போய்ப் பாருங்கள். உங்கள் பம்புசெட்டுக்குப் போகும் கம்பி எதன் மேல் நிற்கிறது? கம்பத்தின் அடியைப் பாருங்கள், ஸ்டேயைப் பாருங்கள், நடுவில் கம்பி எவ்வளவு தொங்குகிறது என்று பாருங்கள். ஒரு சாண் சாய்ந்திருந்தாலும் கட்டை கொண்டு முட்டுக் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். நீங்களே ஏறித் தொடவும் தொடாதீர்கள். உங்கள் கம்பியானால் மெயினை நிறுத்திவிட்டு உரிமம் பெற்றவரை அழையுங்கள். ஊர்க் கம்பியானால் 1912 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள், எழுதியும் கொடுங்கள், ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பாதையில் நாளைக்குப் பாரத்தின் மேல் உட்கார்ந்து வரப்போகிறவர் யாருடைய மகன் என்று நமக்குத் தெரியாது.